குருவுக்கு முன்னால் வைத்த சோறு

அன்று எங்கள் அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் என் மேலதிகாரி பென்ட் இருந்தார். அந்தப் பக்கம் சீக்கியக் கோயிலின் கியானி. அவர்களுடைய வேதத்தை வாசிக்கிறவர், வெள்ளைத் தாடி, கைகளை மடியில் வைத்தபடி. அவருக்குப் பக்கத்தில், பஞ்சாபியை டேனிஷில் சொல்வதற்குக் கோயில் செயலாளர் தர்ஷன். பேருந்து ஓட்டுகிறவர், வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். மேசையின் ஒடுங்கிய முனையில், கலியாண வீட்டுக்குப் போடுகிற சட்டையோடு என் அப்பா. நான் சுவரோரக் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கக்கூடாது என்று பென்ட் சொல்லியிருந்தார். வராதவர் ஒருவர்தான்: சோறு காய்ச்சுவித்த சின்னத்துரை மாஸ்டர். அவருக்கு அன்று முழங்கால் வலியாம்.

இதை எழுதச் சொன்னது ஆரணி. நான் விட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தமிழ்ப் பிள்ளை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "அண்ணை, சீக்கியக் கோயில் குசினி என்ர பகுதிக்குள்ள வருது. அதைப் பூட்டினது நீங்கள்தானாம். அவையின்ர சாப்பாடு கவனம் எண்டு அம்மா இப்பவும் சொல்லுறா. என்ன நடந்தது?" என்று கேட்டாள். பதினைந்து வருடம் கழிந்தும், டென்மார்க்கின் இந்த யூலான்ட் பக்கம் முழுக்க எங்கட சனத்தின் வாயில் இருக்கிற கதை அதுதான். ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு ஓய்வு எடுக்கிற வயதில்லை. நாற்பத்தாறு. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதால் முன்கூட்டியே ஓய்வூதியம் தந்து வீட்டில் இருத்திவிட்டார்கள். பதினொரு வயதில் டென்மார்க் வந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்த முதல் ஆள் நான். அப்பாவை அவருடைய காலத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். "உங்கட ஆக்களுக்கு என்னத்துக்கு எழுத்து?" என்று கேட்டார்களாம். யாழ்ப்பாணத்தில் அது எந்த ஆக்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இங்கே அப்பா பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் குளிரறைக்குள் நின்று என்னைப் படிப்பித்தார். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து, உணவுப் பரிசோதகனானேன். உணவகங்களின் கதவில் சிரிக்கிற முகமோ கோணிய முகமோ ஒட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த வேலை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பென்டுக்குப் பின்னால் வெப்பமானி தூக்கிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

பென்டின் முறை தனி. ஒரு சமையலறைக்குள் நுழைந்தால் முதலில் கை கழுவுவார். வணக்கம் அதற்குப் பிறகுதான். சவர்க்காரம் இல்லையென்றால், கடதாசி இல்லையென்றால், வணக்கத்துக்கு முன்பே முதல் குறிப்பு விழுந்துவிடும். பிறகு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், பின்பக்கம் எதை ஒளித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். வெப்பமானியைப் பானையின் நடுவில் குத்தி, எண் அசையாமல் நிற்கும்வரை ஒரு சொல் கதைக்கமாட்டார். கோப்பி தந்தால் வாங்கமாட்டார். ஒருமுறை நான் ஒரு குழம்பை முகர்ந்து பார்த்து, "இது பழுதாகியிட்டுது" என்றேன். "நாங்கள் முகர்ந்து பார்க்கிறதில்லை, அளக்கிறோம்" என்றார். கோபமில்லை. கதவு எண் சொல்வதுபோலச் சொன்னார். நான் அவரை நம்பினேன். அளந்தால் எல்லாருக்கும் ஒரே அளவு என்று அந்த வயதில் நினைத்தேன்.

சீக்கியக் கோயிலுக்கு நாங்கள் முதலில் போனது, ஊரில் போர் முடிவதற்கு முந்தின மாரியில். பட்டினத்துக்கு வெளியே, பழைய மரத்தளபாடப் பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே போக யாராயிருந்தாலும் சப்பாத்தைக் கழற்றித் தலையை மூடவேண்டும். பென்ட் ஏற்கனவே சமையல் வலைத்தொப்பி போட்டிருந்தார். "இது போதுமா?" என்று கேட்டார். தர்ஷன் சிரித்துவிட்டுச் செம்மஞ்சள் துணி ஒன்றை நீட்டினார். பென்ட் வலைத்தொப்பிக்கு மேல் அதையும் கட்டிக்கொண்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

மண்டபத்தில் விதானத்துக்குக் கீழே, பட்டுத் துணிக்கு மேல் அவர்களுடைய வேதநூல். அதை நூல் என்று அவர்கள் நினைப்பதில்லை. அதுதான் குரு, உயிரோடிருக்கிற குரு. காலையில் எழுப்பி அமர்த்துகிறார்கள். இரவில் தலையில் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள். சுவரில் அமிர்தசரஸ் பொற்கோயிலின் பெரிய படம் இருந்தது. பென்ட் குறிப்பெழுதிய நேரத்தில் தர்ஷன் எனக்கு அதைக் காட்டினார்.

"நாலு பக்கமும் கதவு பார். எந்தத் திசையிலிருந்தும், எந்தச் சாதியும், எந்த மதமும் வரலாம் என்று அர்த்தம். மற்றக் கோயில்களுக்குப் படி ஏறவேணும். இதற்கு இறங்கவேணும். தாழ்வாகக் கட்டினார்கள். அடிக்கல் வைத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர் என்று சொல்லுவார்கள்."

பென்ட் நிமிர்ந்து பார்த்தார். "நாலு கதவு நல்லது. உங்களுக்கு இங்கே அவசர வழி ஒன்றுதான் இருக்கிறது. அது தீயணைப்புக்காரரின் வேலை, என்னுடையதில்லை. ஆனால் சொல்லிவைக்கிறேன்."

தர்ஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பழைய காலத்தில் படைகள் வந்து அந்தக் கோயிலை இடித்ததையும், குளத்தை மூடியதையும், ஒவ்வொரு முறையும் சனம் திரும்பக் கட்டியதையும் சொன்னார். "எண்பத்துநாலில் ராணுவம் உள்ளே போனபோது என் தாய்மாமன் அந்தக் குளத்தங்கரையில் நின்றவர். உடல் வரவில்லை. எந்த நாள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது."

சமையலறை இன்னொரு உலகம். லங்கர் என்பது அந்தப் பொதுச் சமையல். வருகிற யாரும் வெங்காயம் உரிக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். அன்று ஒரு எந்திரப் பொறியியலாளர் சப்பாத்தி உருட்டினார். பக்கத்து வீட்டு டேனிஷ் ஓய்வூதியக் கிழவர் ஒருவர் கரட் சீவிக்கொண்டிருந்தார். சமைக்கிறவர் ருசி பார்ப்பதில்லை. குருவுக்கு வைக்குமுன் நாக்கில் படக்கூடாது.

"அப்ப உப்புச் சரியென்று எப்படித் தெரியும்?" என்றார் பென்ட்.

"தெரியாது. சில நாள் சரியில்லைத்தான்."

எல்லாப் பானையிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரு தட்டில் வைத்து, குருவுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். அர்தாஸ் என்ற வேண்டுதலைச் சொல்லி, கியானி கிர்பானால், அதாவது அவர்களுடைய சிறு வாளால், அந்த உணவைத் தொடுகிறார். பிறகு தட்டில் இருப்பதைத் திரும்பவும் எல்லாப் பானைக்குள்ளும் கலந்துவிடுகிறார்கள். அந்த நேரத்திலிருந்து அது குருவின் உணவு. காய்ச்சினவரின் பெயர் அதில் இல்லை. பென்டுக்கோ ஒரு பெயர் தேவை. பொறுப்பானவர் யார் என்ற இடத்தில் எழுத ஆள் வேண்டும். நெடுநேரம் தயங்கித் தர்ஷன் தன் பெயரைக் கொடுத்தார். "பெயர் போட்டால் சேவை குறைந்துபோகும்" என்றார். அன்று அவர்களுக்குச் சிரித்த முகந்தான் ஒட்டினோம்.

பிறகு மே மாதம் வந்தது. அந்த வாரங்களைப் பற்றி நான் விரித்து எழுதப்போவதில்லை. யாருடைய தொலைபேசி அடித்தாலும் எடுக்கப் பயமாக இருந்தது. போர் முடிந்தது என்று டேனிஷ் செய்தியில் ஒரு நிமிடம் சொன்னார்கள். எங்கட வீடுகளில் யார் போனது, எந்த நாள் போனது, எங்கே போனது ஒன்றும் தெரியாது. திதி இல்லாமல் கிரியை எப்படிச் செய்வது? எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு நாளில் செய்வோம் என்று எங்கட சங்கம் முடிவெடுத்தது. தலைவர் சின்னத்துரை மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். விபோர்க்கிலிருந்து பிரெடெரிசியாவரை தமிழ்ச் சனம் அவர் சொன்னால் கேட்கும்.

இடம் கிடைக்கவில்லை. எங்கட சைவக் கோயிலில் கேட்க முடியாது. சாவுத் துடக்கு, அதாவது தீட்டு, உள்ளவர் கோயில் படி மிதிக்கக்கூடாது. அந்த மாதம் துடக்கில்லாத வீடே இல்லை. நகரத்து மண்டபக்காரர்கள் கொடி பிடிப்பீர்களா, கோஷம் போடுவீர்களா என்று கேட்டு இழுத்தடித்தார்கள்.

அப்பா விடியற்காலை வேலைக்குப் போவது தர்ஷனின் பேருந்தில். ஒருநாள் முன் இருக்கையில் இருந்து அழுதிருக்கிறார். அவருடைய தங்கை குடும்பம் முழுக்க முல்லைத்தீவுப் பக்கம். ஏன் அழுகிறாய் என்று கேட்டு, அப்பாவின் அரைகுறை டேனிஷில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார் தர்ஷன். இறங்குகிற இடத்தில், "எங்கட மண்டபத்துக்கு வாருங்கள். சப்பாத்தைக் கழற்றவேணும், தலையை மூடவேணும், மது புகையிலை கூடாது, எல்லாரும் ஒரே வரிசையில் நிலத்தில் இருக்கவேணும். வேறொன்றும் இல்லை. சாப்பாடு நாங்கள்" என்றாராம்.

அந்த "எல்லாரும் ஒரே வரிசையில்" என்பதில்தான் எங்கட ஆட்களுக்குச் சிக்கிக்கொண்டது. சங்கக் கூட்டத்தில் நானும் அப்பாவும் இருந்தோம். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"இடம் நல்லதுதான். ஆனா சாப்பாடு... கண்டபடி ஆர் ஆரோ கைவைக்கிற குசினி. வயது போனதுகள் வருகினம். அதுகளுக்கு நாங்கள் புறம்பா ஒரு பானை சோறு கொண்டுபோவம். சைவச் சாப்பாடுதானே, குறை இல்லை."

"அவையும் சைவம்தானே மாஸ்டர்?" என்றேன்.

"தம்பி, உமக்கு விளங்காது."

எனக்கு விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரியை நாளில் எனக்குப் பணி, நான் போகவில்லை. அப்பா போனார். மாஸ்டரின் வான் வண்டியில் பெரிய அலுமினியப் பானை வந்து இறங்கியது. கம்பளியால் சுற்றியிருந்தது. தூக்க ஆள் வேண்டும். "இதை ஒருக்காப் பிடியும்" என்று அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். பழைய வழக்கம், மூடி திறக்காதவரைக்கும் எங்கட சாதி ஆட்களும் தூக்கலாம். பானையைத் தொட்டால் சூடுமில்லை, குளிருமில்லை.

"எப்ப காய்ச்சினது மாஸ்டர்?" என்று கேட்டாராம் அப்பா.

"நேற்றுப் பின்னேரம். கம்பளி சுத்தினதால சூடு குறையேல்லை, பாரும்."

அங்கே மாஸ்டர் ஆட்கள் எதிர்பாராதது நடந்தது. பானை சமையலறைக்குள் போனதும் தொண்டர்கள் மூடியைத் திறந்து, மற்றப் பானைகளோடு சேர்த்து ஒரு கரண்டி எடுத்துக் குருவுக்கு முன் வைத்தார்கள். அர்தாஸ் முடிந்தது. தட்டுச் சோறு எல்லாவற்றுக்குள்ளும் போயிற்று. லங்கர் சோறு பற்றாமல் வர, மாஸ்டரின் சோற்றை அள்ளி வரிசை முழுக்கப் பரிமாறினார்கள். மாஸ்டருக்கும், அவருக்குப் பக்கத்தில் இருந்த என் அப்பாவுக்கும் ஒரே கரண்டி. மாஸ்டரால் எழும்பவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. சனம் அழுது முடித்துப் பசியோடு சாப்பிட்டது.

வீட்டுக்கு வந்த அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். "தம்பி, இண்டைக்குத்தான் மாஸ்டர் ஆக்களோட ஒரே பாயில இருந்து சாப்பிட்டனான். தங்கச்சியின்ர கிரியையில." இரண்டு மணித்தியாலம் கழிய வாந்தி தொடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவையின்ர சோறு எனக்கு ஒத்துவரேல்லையடா" என்று சிரித்தார்.

முப்பது பேருக்கு மேல் விழுந்தார்கள். நான்கு கிழவிகளை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்.

மறுநாள் பென்ட் கை கழுவி, வணக்கம் சொல்லி, மிஞ்சின எல்லாவற்றிலும் மாதிரி எடுத்தார். பருப்பில் ஒன்றுமில்லை, கறியில் ஒன்றுமில்லை, சோற்றில் இருந்தது. காய்ச்சின சோற்றிலும் சாகாமல் கிடக்கிற கிருமி அது. சோறு ஆறாமல் வெதுவெதுப்பாக இரவு முழுக்கக் கிடந்தால் பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினாலும் நஞ்சு போகாது. கெதியாகக் குளிரவைக்கவேண்டும் என்பது எங்கட தொழிலில் முதல் பாடம். கம்பளி சுற்றுவது அதற்கு நேர் எதிர்.

சோறு யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று பென்டிடம் சொன்னேன். எப்படி என்றார். அப்பா சொன்னார் என்றேன். அவர் பேனாவை மூடினார். "உன் அப்பா நோயாளி, சாட்சி, இரண்டும். நீ இந்த நிமிடத்திலிருந்து வழக்கில் இல்லை. அவர் வந்து சொன்னால் நான் எழுதுகிறேன்." பிறகு எனக்காக ஒன்று சொன்னார். "வெளியிலிருந்து வந்த சோறு என்று நிரூபணமானால், வெளிச் சாப்பாடு ஏற்காதே என்ற கட்டளையோடு முடிக்கலாம். அவர்களே காய்ச்சியது என்றால் குசினியைப் பூட்டி, முழுதும் திருத்தச் சொல்லவேண்டும். வேறு வழி எனக்கு இல்லை."

அன்று பின்னேரமே மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன்.

"மாஸ்டர், ஒரு வசனம் சொன்னாப் போதும். பானை உங்கட எண்டு. தண்டம் ஒண்டும் வராது. குசினியைப் பூட்டப்போறாங்கள்."

"தம்பி, இப்ப உலகமே எங்களைப் பாத்துக்கொண்டிருக்கு. தமிழர் சோத்தில நஞ்சு எண்டு பேப்பரில வந்தா? செத்த சனத்துக்கு அவமரியாதை."

"சீக்கியருக்கு அவமரியாதை இல்லையோ?"

"அவை வசதியான ஆக்கள். சமாளிப்பினம்." பிறகு கதவைப் பிடித்தபடி, "படிப்பிச்சு விட்டாப் பேச்சும் வந்திடும்" என்றார். என்னைப் பார்த்து அல்ல, தெருவைப் பார்த்து.

அப்பாவிடம் வந்து, நீங்கள் வரவேண்டாம், உங்களை ஒதுக்குவார்கள் என்றேன். "என்னை எப்பயடா சேர்த்தவை?" என்று கேட்டுவிட்டு, அலுமாரியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தார்.

அப்படித்தான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தோம். அப்பா தமிழில் சொல்ல, ஒரு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் டேனிஷாக்கினார். வான், பானை, கம்பளி, நேற்றுப் பின்னேரம். அப்பா மாஸ்டரின் பெயரை முழுதாகச் சொன்னார். வாழ்நாளில் அந்த மாதிரி ஆட்களைப் பற்றி ஒரு அலுவலகத்தில் அவர் வாய்திறந்தது அதுதான் முதல்தடவை. பென்ட் ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். பிறகு கியானியிடம் திரும்பினார்.

"இவர் சொன்னது சரியா? அந்தச் சோறு வெளியிலிருந்து வந்ததா?"

கியானி நிதானமாகக் கதைத்தார். தர்ஷன் உடனே மொழிபெயர்க்கவில்லை. கியானியிடம் பஞ்சாபியில் ஏதோ கேட்டார், கெஞ்சுவதுபோல. கியானி அதையே திரும்பச் சொன்னார். தர்ஷனின் காது சிவந்துவிட்டது.

"அர்தாசுக்குப் பிறகு அது குருவின் லங்கர். வேறு யாருடைய சோறும் எங்கள் சமையலறையில் இருக்கவில்லை என்கிறார்."

"அர்தாசுக்கு முன்பு?"

"அதற்கு முன்பு என்ன இருந்தது என்று சொன்னால், குருவுக்கு முன் வைத்ததைத் திரும்ப எடுத்து ஒரு மனிதனின் தலையில் வைப்பதாகும். விருந்தாளி கொண்டுவந்ததைக் குரு ஏற்றுக்கொண்டார். குரு ஏற்றதை நான் மறுக்க முடியாது."

பென்ட் பேனாவை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். "தர்ஷன், பொறுப்பாளர் என்ற இடத்தில் இருப்பது உன் பெயர். நீ என்ன சொல்கிறாய்? உன் கண்ணால் என்ன கண்டாய்?"

தர்ஷன் என் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு டேனிஷ் முழுக்கப் பிடிபடாது. ஆனால் தன் சொல் அந்த மேசையில் தனியாக நிற்கிறது என்பது பிடிபட்டிருந்தது.

"இந்த மனிதர் பொய் சொல்கிறவர் இல்லை" என்றார் தர்ஷன். "கியானி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை."

சுவரோரத்தில் நான் நகத்தால் கதிரையைக் கீறிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் உண்மைக்குப் பயந்து வரவில்லை. இன்னொருத்தர் உண்மைக்கு மேலான ஒன்றைக் காப்பாற்ற வாயை மூடினார். நடுவில் நின்று உண்மையைச் சொன்ன என் அப்பாவைத்தான் இரண்டு பேருமாகப் பொய்யனாக்கினார்கள். கியானியில் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. அந்தக் கோபமும் இருக்கிறது.

வெளியே நடைபாதையில் கியானி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து ஏதோ சொன்னார். தர்ஷன் மொழிபெயர்க்கவில்லை. அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

குசினி பூட்டப்பட்டது. கோணிய முகம் கதவில் ஏறியது. ஒட்டினவர் பென்ட், ஆனால் எங்கட சனத்தின் வாயில் என் பெயர்தான் ஓடியது. லங்கரை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. கடையில் வாங்கிய பால் பெட்டியும் வாழைப்பழமும் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை. வரிசையாக இருத்தி, அதைக் குருவுக்கு வைத்து, அதையே கொடுத்தார்கள். எங்கட சனம் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கலியாண வீட்டில் மாஸ்டர் பக்கத்து மேசையில், "அவையின்ர குசினி துப்புரவில்லை, நான் அப்பவே சொன்னனான்" என்றார். சுற்றி இருந்தவர்களில் அந்தப் பானையை வானில் ஏற்றின இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். அப்பா சாப்பிடாமல் எழும்பி வந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கலியாண வீட்டு அழைப்புகள் குறைந்தன.

ஆரணி, நீ போய் அளந்து பார். அங்கே இப்போது இருப்பது இந்தப் பகுதியிலேயே நல்ல குசினி. அளவில் எல்லாம் வரும்; இந்தக் கதை வராது. கோணிய முகத்தைக் காட்டிக் கட்டடச் சொந்தக்காரன் வாடகை ஒப்பந்தத்தை முறித்தான். அவர்கள் நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஒரு பழைய களஞ்சியத்தை விலைக்கு வாங்கி, ஒரு நெடுஞ்சுவரை உடைத்து, கை கழுவ மூன்று தொட்டி, சோறு குளிரவைக்க ஒரு அலுமாரி, புகைபோக்கி, தரை எல்லாம் புதிதாகப் போட்டார்கள். தர்ஷன் இரண்டு வருடம் விடுமுறை நாளிலும் பேருந்து ஓட்டினார். பஞ்சாபிப் பெண்கள் சிலர் வளையல் விற்றார்கள். எங்கட சங்கத்தில் ஒருத்தரும் எவ்வளவு செலவு முடிந்தது என்று கேட்கவில்லை. வேலையை விடுகிற கிழமையில் நான் கேட்டேன். தர்ஷன் முதலில் சொல்ல விரும்பவில்லை. பிறகு, கணக்கு எழுதுகிறவர் என்ற முறையில் சொன்னார்: களஞ்சியத்தின் விலை நீங்கலாக, அந்த ஒரு பானைச் சோற்றுக்காக, மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் குரோனர்.